மில்காரியின் இடது கை

வேணியின் குரல் திருநெல்வேலிப் பட்டணத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். டவுன் மண்டிக்கடைக்காரர்கள், பாளையங்கோட்டை டாக்டர்கள், மேலப்பாளையத்திலிருந்து வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தவித்த தாய்மார்கள் எல்லாரும் வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுவிட்டு அந்தக் குரலுக்காகக் காத்துக் கிடந்தவர்கள்தான். "லைன்ல இருங்க, பேசுங்க" என்று அவள் சொன்னால் எதிர்முனையில் பம்பாயோ கொழும்போ திறந்துகொள்ளும். அதே ஆட்கள் கடைத்தெருவில் அவள் மேல் இடித்துக்கொண்டு போவார்கள். ஒல்லியாக, கைத்தறிச் சேலையும் துணிப்பையுமாக நடந்து போகிறவள்தான் அந்தக் குரல் என்று யாருக்குத் தெரியும்?

இருபத்தொரு வயதில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சுச் சளியோடு பல வருஷம் கிடந்து போய்ச் சேர்ந்தார். தம்பி கணேஷ்ராம் அவளுக்கு ரொம்ப இளையவன். அவன் பாளையங்கோட்டையிலேயே மருத்துவம் படித்து, விஜயஸ்ரீயைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேருமாக இங்கிலாந்துக்குப் போனார்கள். வேணிக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், பிறகு வருவதே நின்றுபோனது. அவளும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. முருகன்குறிச்சியில் இரண்டு அறை வீடு, ஒரு ரேடியோ, முறைவைத்து வரும் இரவு டூட்டி என்று காலம் ஓடியது.

தொண்ணூறுகளில் தெருவுக்கு இரண்டு எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டன. ட்ரங்க் போர்டுக்கு முன்னால் ஆபரேட்டர்கள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தொண்ணூற்றாறில் கணேஷ்ராம் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, அங்கன தனியா உக்காந்து என்ன செய்யப் போற? ஒரு நாலு மாசம் இங்க வந்து இரேன். ஊரு வெயிலுக்கு இது நல்லா இருக்கும்."

"நான் வந்து உங்களுக்கு இடைஞ்சலா இருக்கவா?"

"என்னக்கா இப்படிப் பேசுத. நீ வா, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

லீவு கேட்டதும் கிடைத்தது. அவள் இல்லாமல் எதுவும் நின்றுவிடாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தம்பி இருந்தது வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் பஞ்சாலைகளால் வாழ்ந்த ஊர். புகைபோக்கிகள் நின்றன, புகைதான் இல்லை. கரிபடிந்த கல்வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேட்டில் வரிசையாக ஏறின. கணேஷ்ராமுக்கும் விஜயஸ்ரீக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. ஆனால் டூட்டி நேரம் ஒத்துவராது. ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்புவார். வருகிறவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். பாசத்துக்குக் குறைவில்லை. விஜயஸ்ரீ குளிருக்குக் கம்பளிச் சட்டையும் காலுக்கு பூட்ஸும் வாங்கிக் கொடுத்தாள். "மைனி, நீங்க ஒரு வேலையும் செய்யக்கூடாது" என்றாள். அதுதான் கஷ்டமாகப் போயிற்று. வேணி சோறு வடித்துக் குழம்பு வைத்துவிட்டு, தூங்குகிறவர்களுக்குச் சத்தம் கேட்காமல் பைய நடந்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். எதிர்வீட்டுப் பூனை சுவர்மேல் ஏறும், இறங்கும்.

ஒருநாள் விஜயஸ்ரீ போனில் கடைசியாகக் கூப்பிட்ட எண்ணையே மறுபடி கூப்பிடும் பொத்தானைத் தெரியாமல் அமுக்கிவிட்டாள். காதில் வைத்தவள் முகம் மாறியது.

"மைனி, மணி சொல்லுத நம்பருக்கா போன் போட்டிய? கடிகாரம் சுவத்துலயே தொங்குதே!"

"சும்மாத்தான் ம்மா. சரியா ஓடுதான்னு பாத்தேன்."

உண்மை அதுவல்ல. பகலெல்லாம் யாருமற்ற அந்த வீட்டில், ஒரு மனிதக் குரல் நிதானமாக, அவளுக்காகவே என்பதுபோல மணி சொல்லும். அதற்காகத்தான். விஜயஸ்ரீக்குப் புரிந்திருக்கவேண்டும். மறுநாள் டூட்டிக்குப் போகும் வழியில் அவளை நூலகத்தில் கொண்டுபோய் விட்டாள்.

அந்த நூலகத்துச் சுவரில்தான் வேணி அந்தத் தாளைப் பார்த்தாள். ஜூலை மாதம் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் கலை ஊர்வலத்துக்குப் பொம்மைகள் செய்ய ஆள் வேண்டும். முன் அனுபவம் வேண்டாம், கை இருந்தால் போதும் என்று எழுதியிருந்தது. வழி கேட்டுக் கேட்டு அவள் போய்ச் சேர்ந்தது, மூடிக் கிடந்த ஒரு நெசவு ஆலை. உள்ளே நுழைந்ததும் மக்கிய பஞ்சும் எண்ணெயும் கலந்த வாடை. விக்கிரமசிங்கபுரத்தில் சித்தப்பா மில் வேலை முடிந்து வரும்போது அவர் சட்டையில் அடிக்கும் அதே வாடை. வாசலிலேயே கொஞ்சநேரம் நின்றுவிட்டாள்.

ஊர்வலத்தை முன்னின்று நடத்திய ஜூடித், தலைமுடியெல்லாம் பெயிண்டோடு ஓடிவந்தாள். வேணியின் சேலையைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தியாவிலிருந்தா! உங்கள் ஊர் நடனம் ஆடுவீர்களா? ஊர்வலத்தின் முன்னால் நீங்கள் ஆடிக்கொண்டு வந்தால் எவ்வளவு அழகாக இருக்கும்!"

வேணி ஆங்கிலத்துக்குப் பயந்தவள் இல்லை. முப்பது வருஷம் லைனில் பேசிய ஆங்கிலம். ஆடுவதுதான் பயம். அவள் ஜென்மத்தில் ஆடியதில்லை. கல்யாண வீட்டில்கூட ஓரத்து நாற்காலியில் உட்காருகிறவள்.

"எனக்கு ஆடத் தெரியாது. நான் டெலிபோன் ஆபரேட்டர். யாரும் பார்க்காத வேலை ஏதாவது இருந்தால் கொடுங்கள்."

ஜூடித் கடகடவென்று சிரித்து, அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

அங்கே ஒரு ராட்சசப் பெண் எழும்பிக்கொண்டிருந்தாள். அந்த ஊர் ஆலைகளில் வேலை பார்த்த பெண்களின் நினைவாக. மூங்கிலும் பிரம்பும் வளைத்துக் கட்டிய கூடு, அதன்மேல் செய்தித்தாளும் மைதாப் பசையும். தலை மட்டுமே ஒரு கூண்டுவண்டி அளவு இருந்தது. பாவாடைக்குப் பழைய படுக்கை விரிப்புகளைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். வேணி மனதுக்குள் அவளுக்கு மில்காரி என்று பெயர் வைத்தாள். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நான்கு நாள் போய்த் தாள் கிழித்தாள், பசை தடவினாள். சுற்றிலும் சிரிப்பும் பேச்சுமாக இருக்கும். அவர்கள் பேச்சு வேகமானது, பாதி பிடிபடாது. அவளிடம் பேசும்போது மட்டும் எல்லாரும் மெதுவாக, அன்பாக, தேநீர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றால் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அவளைப் போலவே ஓரமாக உட்கார்ந்து தாள் கிழித்தவர் ஹெரால்ட். எழுபது தாண்டியவர். இதே கூடத்தில் தறி ஓட்டியவர். தறிச் சத்தம் இரண்டு காதையும் தின்றுவிட்டது. "அவர் முகத்துக்கு நேரே பேசுங்கள், உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். இங்கே தறி ஓட்டியவர்கள் எல்லாருமே அப்படித்தான்" என்று ஜூடித் சொல்லியிருந்தாள். வேணிக்கு அது வேடிக்கையாக இருந்தது. முகம் இல்லாமல் குரலை மட்டும் வைத்து ஜீவித்தவள் அவள். இவரோ குரல் இல்லாமல் முகத்தை மட்டும் வைத்து ஜீவித்தவர். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பசைச் சட்டியை அவர் பக்கம் இவள் தள்ளுவாள், இவள் பக்கம் அவர் தள்ளுவார்.

மில்காரியை நான்கு பேர் நடத்தவேண்டும். உடம்பைத் தோளில் சுமக்க இரண்டு இளைஞர்கள். நீண்ட கழியில் மாட்டிய கைகளுக்கு இரண்டு பேர். வலது கை ஹெரால்டுக்கு. இடது கையை ஜூடித் வேணியிடம் கொடுத்தாள். "பாவாடை மறைத்துக்கொள்ளும். உங்களை யாரும் பார்க்க முடியாது" என்று சொல்லிக் கண்ணடித்தாள்.

"வாரேன்க்கா, கண்டிப்பா வந்து பாப்பேன்" என்று கணேஷ்ராமும் வாக்குக் கொடுத்தான்.

ஊர்வல நாள் காலை நன்றாகத்தான் விடிந்தது. பத்து மணிக்கு எல்லாரும் ஆலை முற்றத்தில் வரிசை கட்டிக் கிளம்பத் தயாரானபோது வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. தாரை ஊதுகிறவர்களும் முகத்தில் சாயம் பூசிய பிள்ளைகளும் கொட்டகைக்குள் ஓடினார்கள். மில்காரி உள்ளே நுழையமாட்டாள், அவ்வளவு உயரம். அவள் தலைமேல் தார்ப்பாயைப் போட்டு இளைஞர்கள் கட்டினார்கள். ஹெரால்ட் வேணியைப் பார்த்துத் தலையசைத்து, பொம்மையின் பாவாடையைத் தூக்கிப் பிடித்தார். இருவரும் உள்ளே போய் இரண்டு மரப்பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள். விரிப்புத் துணிகளின் பூக்கள் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தன. மழை தார்ப்பாயில் கொட்டியது. வெளியே இருந்த ஊரும் சனமும் எங்கோ போய்விட்டதுபோல இருந்தது.

ஏன் பேசத் தொடங்கினாள் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்தும் வேணிக்குப் பிடிபடவில்லை. வாயைத் திறந்தாள், தமிழ் வந்தது.

"ஐயா, உங்களுக்கு இது வெளங்காது. அதான் சொல்லுதேன். மதுரைன்னு ஒருத்தர் இருந்தாரு. மதுரை எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர். லைன்ல நாங்க பேரு சொல்லிக் கூப்பிடமாட்டோம். அவரு என்னைய நெல்லைம்பாரு, நான் அவரை மதுரைம்பேன். சங்கரசுப்பிரமணியன்னு பேரு, சொந்த ஊரு வள்ளியூரு. ராத்திரி டூட்டியில போன் கால் இல்லாத நேரம் லைனைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுவோம். என்னத்தப் பேசினோம்? மழை பெஞ்சுதா, என்ன கொழம்புன்னுதான். எங்கப்பா இருமுறதை ஒருத்தரும் கேக்கல, மதுரைதான் தெனமும் கேப்பாரு."

ஹெரால்ட் அசையாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ மதுரை சொன்னாரு, சனிக்கிழமை ஊருக்குப் போறேன், ஜங்ஷன்ல எறங்கித்தான் பஸ் ஏறணும், புத்தகக் கடைப் பக்கம் நிக்கேன், நீலச் சட்டை போட்டிருப்பேன், ஒரு காப்பி குடிப்போமேன்னு. லீவு போட்டுட்டுப் போனேன் ஐயா. போய்த் தூணுக்குப் பின்னால நின்னேன். நீலச் சட்டை தெரிஞ்சுது. நல்ல முகம். வார போற பொம்பளைங்க முகத்தையெல்லாம் ஆசையா பாத்துக்கிட்டு நிக்காரு. நாலு எட்டு வச்சாப் போதும். கால் எழும்பல. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ரொம்ப நேரம் நின்னாரு. பெறகு பையை எடுத்துக்கிட்டுப் பஸ்சுக்குப் போயிட்டாரு. திங்கக்கிழமை லைன்ல, வரலியா நெல்லைன்னாரு. டூட்டி மாத்திட்டாங்கன்னேன். சரி பரவாயில்லன்னுட்டாரு. பெறகும் பேசினோம், ஆனா இன்னொரு நாள் பாப்போமேன்னு மதுரையும் சொல்லல, நானும் சொல்லல. கொஞ்ச வருஷத்துல வேற குரல் வந்துது. பழைய மதுரை எங்கன்னேன். கல்யாணம் ஆச்சு, திருச்சிக்கு மாத்திட்டாங்கன்னாங்க. அவ்வளவுதான். இதை நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

மழை குறைந்திருந்தது. வேணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். தன் குரல் அவ்வளவு நேரம் இடைவிடாமல் ஓடியதே அவளுக்கு அதிசயமாக இருந்தது.

ஹெரால்ட் தொண்டையைச் செருமினார். காது கேளாதவர்களுக்கே உரிய ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னார்: "உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. உதடு இரண்டும் மூடித் திறக்கிற சொல். அதைச் சொல்லும்போதெல்லாம் உங்கள் முகம் வேறாக இருந்தது." அவர் தன் உதட்டை மூடித் திறந்து, சத்தமில்லாமல் அதைச் சொல்லிக் காட்டினார். மதுரை. அச்சுப் பிசகாமல் அதேதான். "அது யாருடைய பெயர்?"

வேணி அவரை நேராகப் பார்த்து, ஆங்கிலத்தில், உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னாள்: "அது ஒரு ஊர்."

அவர் தலையசைத்தார். அதற்குமேல் கேட்கவில்லை. வெளியே ஜூடித்தின் விசில் கேட்டது. வேணி அவர் தோளைத் தொட்டுக் கிளம்பச் சொன்னாள்.

மில்காரி கடைத்தெருவில் இறங்கியபோது இரண்டு பக்கமும் சனம் நெருக்கியடித்து நின்றது. பாவாடைத் துணியின் தையல் இடைவெளி வழியே வேணிக்குத் துண்டுதுண்டாக உலகம் தெரிந்தது: ஒரு குடை, ஒரு நாயின் மூக்கு, அப்பாவின் தோளில் ஏறியிருந்த ஒரு பெண்குழந்தை. கழியை மேலே தள்ளி ஆட்டினாள். பெரிய காகிதக் கை அசைந்தது. தெருவே கை அசைத்துப் பதில் சொன்னது. அவளுக்குத் தோள் வலித்தது, கண்ணில் நீர் கட்டியது. இவ்வளவு பேரும் கையசைப்பது அந்த ராட்சசப் பெண்ணுக்குத்தான் என்பது தெரியாமல் இல்லை. தெரிந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை. ஆட்டிக்கொண்டே போனாள்.

முடிந்த பிறகு மண்டபத்தில் சூப் கொடுத்தார்கள். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து குடித்தார்கள். ஹெரால்டை அழைத்துப்போக அவர் மகள் காருடன் வந்துவிட்டாள். அவர் வாசலில் திரும்பி நின்று, உதட்டை மூடித் திறந்து அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் ஒருதரம் சொல்லிவிட்டுப் போனார். வேணி நனைந்த சேலையோடு மேட்டில் ஏறி வீட்டுக்கு நடந்தாள்.

கணேஷ்ராம் சோபாவில் சாய்ந்திருந்தான். "அக்கா, நான் வந்தேனே! ஆஸ்பத்திரியில சொல்லிட்டுப் பத்து நிமிஷம் ஓடிவந்தேன். அந்தப் பெரிய பொம்மையப் போட்டோகூட எடுத்தேன். ஒன்னையத்தான் காணல. நீ எங்கன நின்ன?"

"அதுக்குப் பின்னாலதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு வேணி அடுப்பைப் பற்றவைத்தாள். ஈரச் சேலையை மாற்றக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் பழக்கதோஷத்தில் ஆலைக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தபோது மில்காரியின் தலை தரையில் சாய்ந்து கிடந்தது. கைகள் எங்கே என்று தெரியவில்லை. அவர்கள் எல்லாருக்கும் வேறு வேலைகள் இருக்கும் என்பது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஹெரால்ட் வீடு எந்தத் தெருவில் என்று அவள் கேட்டுவைத்துக்கொள்ளவே இல்லை.

செப்டம்பரில் ஊர் திரும்பினாள். எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் போர்டுகளில் பாதியைக் கழற்றியிருந்தார்கள். அவளை விசாரணைப் பிரிவில் போட்டார்கள். யாராவது பெயர் சொன்னால் நம்பர் பார்த்துச் சொல்லவேண்டும். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோமு வந்தாள். போர்டில் இருபது வருஷத்துக்கு மேல் பக்கத்து நாற்காலிக்காரி. கால்வலி என்று முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டவள். வேணி காப்பி கொடுத்துவிட்டு, தம்பி எடுத்த போட்டோவைக் காட்டினாள்.

"இதுல நீ எங்கட்டி?"

பாவாடைக்குக் கீழே நனைந்த சேலைக் கரையும் இரண்டு பூட்ஸும் தெரிந்த இடத்தில் வேணி விரலை வைத்தாள். கோமு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"கப்பல்ல ஏறாத குறையா அம்புட்டுத் தூரம் போயி, துணிக்குள்ளயா ஒளிஞ்சிக்கிட்ட? சரி, அங்கன மனுசங்க கூடப் பேசினியா இல்லியா?"

"ஒரு கிழவர்கிட்ட பேசினேன். காது கேக்காதவரு." வேணி டம்ளரைக் கீழே வைத்தாள். "அவர்கிட்ட மதுரையைப் பத்திச் சொன்னேன்."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். கோமு என்ன மதுரை என்று கேட்பாள், ஏதாவது சொல்லிச் சமாளிக்கவேண்டும் என்று மனம் ஓடியது. கோமு கேட்கவில்லை. சேலை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டாள்.

"எங்களுக்குத் தெரியும் வேணி."

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். ஒரே போர்டுலதானே உக்காந்திருந்தோம். ராத்திரி எத்தன தடவ லைன்ல கேட்டிருக்கோம். நீ அன்னிக்குப் பச்சைச் சேலை கட்டிக்கிட்டு ஜங்ஷனுக்குப் போனது, மூஞ்சி செத்துத் திரும்பி வந்தது, பஸ் ஸ்டாப்புல நின்னு நானே பாத்தேன், எல்லாம் தெரியும். அவரு திருச்சிக்குப் போற அன்னிக்குக்கூட நெல்லை எப்படி இருக்காங்கன்னு என்கிட்ட கேட்டுட்டுத்தான் போனாரு."

தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"என்கிட்ட ஏன் ஒருத்தியும் சொல்லல?"

"நீ வாயத் தொறப்பேன்னு பாத்தோம். நீ தொறக்கல. பெறகு அதைக் கேக்கது மரியாதையில்லன்னு விட்டுட்டோம்." கோமு மூக்கைச் சிந்தினாள். "அன்னிக்கே கேட்டிருக்கணும். நான் ஒரு கிறுக்கி."

"நீ என்ன செய்வ பாவம். காப்பி ஆறுது, குடி."

கோமு குடித்தாள். பிறகு மருமகள் வீட்டுச் சண்டை, கால்வலிக்கு யாரோ கொடுத்த தைலம் என்று பேச்சு வேறுபக்கம் போயிற்று. வெயில் தாழ்ந்ததும் வேணி அவளைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுவிட்டாள். பஸ் வரும்வரை இருவரும் நின்றார்கள். ஏறும்போது கோமு கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த ஞாயித்துக்கெழமை வாரேன்ட்டி. மதுரை அப்படி என்னதான் பேசுவாருன்னு ஒன் வாயால சொல்லணும். நாங்க கேட்டதெல்லாம் பாதிதான்" என்றாள்.

"வா" என்றாள் வேணி.

பஸ் போனது. சமாதானபுரம் பக்கமிருந்து சைக்கிள்கள் வந்தபடி இருந்தன. வீட்டில் ராத்திரிக்கு இரண்டு தோசைக்குத்தான் மாவு மிச்சம் இருந்தது. ஒருத்திக்கு அது போதும். அவள் அவசரமில்லாமல் நடந்தாள்.